மருந்து சூரத்தில், ஆள் சென்னையில்

எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் எங்கள் நம்பிக்கை மையத்துக்கு ஓயாத இருமலோடு வந்தார் அந்த இளைஞர். ஒடிசாவின் கஞ்சாம் மாவட்டத்துக்காரர். பழைய மகாபலிபுரம் சாலையில் கட்டட வேலை. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பேசப் பேசத்தான் தெரிந்தது: முன்பு சூரத்தில் விசைத்தறியில் இருந்தபோதே எச்.ஐ.வி. தொற்று உறுதியாகி மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தவர். விட்டு ஏழு மாதமாகிவிட்டது.

"ஏம்பா நிறுத்தினீங்க?"

"மருந்து சூரத்துல, நான் இங்க சார்."

முன்பு ரேஷன் கடையில் இருந்த மாதிரி, பதிந்த ஊரில்தான் மருந்தும் தருவார்கள் என்று நினைத்திருக்கிறார். ஆலோசகராக இருக்கும் எனக்கு இது புதிதல்ல. ஆனாலும் ஒவ்வொரு முறையும் மனசு கனத்துப்போகிறது. 2004 ஏப்ரலில் எச்.ஐ.வி. கிருமியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மருந்தை அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய முதல் மையங்களில் ஒன்று நம் தாம்பரம் சானடோரியம். இன்று நாடு முழுக்க மையங்கள் இருக்கின்றன. வேலைக்காக ஊர் மாறுகிறவர், பழைய மையத்தில் சொல்லி, சிகிச்சையைப் புது ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம். இந்த ஒரு தகவல் அவர் காதில் விழவே இல்லை. சுவரொட்டிகள் தமிழில், அவர் படிப்பது ஒடியா.

தகரக் கொட்டகையில் பன்னிரண்டு பேர் படுக்கிறார்கள். மாத்திரைப் புட்டி குலுங்கினாலே யாராவது கேட்பார்கள் என்ற பயமும் இருந்தது. புட்டிக்குள் கொஞ்சம் பஞ்சு வைக்கச் சொன்னேன். மேஸ்திரிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்றார். தொற்றைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்குவதை 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் தடுக்கிறது. அது கூலிக்காரருக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்ற கவலை எனக்கும் உண்டு. அதனால்தான் ரகசியம் காப்பதில் நாங்கள் அவ்வளவு கறாராக இருக்கிறோம்.

பகலில் பரிசோதனைக்கு வந்தால் ஒரு நாள் கூலி போகும். ஆகவே முகாம்களை இரவு ஏழு மணிக்கு மேல்தான் நடத்த வேண்டும். அவர்கள் மொழி பேசும் ஒருவர் கூட இருக்க வேண்டும். பரிசோதனை இலவசம். சந்தேகம் இருந்தால் 1097-க்கு அழைக்கலாம், அதற்கும் காசில்லை. மாத்திரையை விடாமல் எடுத்து, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாக அது மனைவிக்குப் பரவாது. இதைச் சொன்னபோது அந்தப் பையன் அழுதுவிட்டார். ஊரில் புது மனைவி.

இருமலுக்குக் காரணம் காசநோய். முதலில் அதற்கு மருந்து, பிறகு ஏ.ஆர்.டி. மறுபடி தொடங்கியது. காசநோய் இப்போது குணமாகிவிட்டது. போன வாரம் வந்திருந்தார். ரத யாத்திரைக்கு ஊருக்குப் போகிறாராம், டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை.

"எத்தனை மாச மாத்திரை சார் குடுப்பீங்க? அத வச்சுத்தான் திரும்பி வர்ற தேதி போடணும்."