ஒரு காயில், இரண்டு தீப்பொறி

பழைய பெட்ரோல் கார்களில் நான்கு சிலிண்டருக்கும் ஒரே இக்னிஷன் காயில்தான், அதாவது உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் கம்பிச்சுருள். அதில் பிறக்கும் உயர் மின்னழுத்தத்தை தீப்பொறி விடும் எந்த ஸ்பார்க் பிளக்குக்கு அனுப்புவது என்பதை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டார் பார்த்துக்கொள்ளும். ரோட்டாரும் மூடியும் தேயும். உள்ளே ஈரம் புகுந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகவே அடம்பிடிக்கும்.

டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டால் பொறி விடும் நேரத்தை யார் சொல்வது? பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்டோடு சுழலும் ஒரு பல் சக்கரம் சொல்லும். பல எஞ்சின்களில் அதில் 60 பல்லுக்கு இடம் இருக்கும், 58 பல்தான் இருக்கும். அந்த வெற்றிடம் சென்சாரைக் கடக்கும்போது, பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று எஞ்சினின் கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடும்.

ஆனாலும் ஒரு சிக்கல் மிச்சம். கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால்தான் எஞ்சினின் ஒரு வேலைச் சுழற்சி முடியும். அதற்குள் பிஸ்டன் இரண்டு முறை உச்சிக்கு வருகிறது: ஒருமுறை பெட்ரோல் கலவையை அழுத்திக்கொண்டு, மறுமுறை எரிந்த புகையை வெளியே தள்ளிக்கொண்டு. கிராங்க் சென்சாருக்கு இரண்டும் ஒன்றுதான். இதற்குக் கிடைத்த விடை அவ்வளவு அழகானது: வித்தியாசம் தெரியவே வேண்டாம், இரண்டு முறையும் பொறி விட்டுவிடலாம்!

நான்கு சிலிண்டர் எஞ்சினில் 1, 4 இரண்டும் சேர்ந்தே மேலே வரும். 2, 3 இன்னொரு ஜோடி. ஜோடிக்கு ஒரு காயில். காயிலின் முதல் கம்பிச்சுற்றில் ஓடும் 12 வோல்ட் மின்சாரத்தைக் கம்ப்யூட்டர் சட்டென்று துண்டிக்கிறது. காந்தப்புலம் சரிய, இரண்டாம் கம்பிச்சுற்றில் 20,000 வோல்ட்டுக்கும் மேல் எகிறுகிறது. அந்தச் சுற்றின் இரு முனைகளிலும் ஒவ்வொரு பிளக். மின்சாரம் ஒன்றைத் தாண்டி எஞ்சின் உலோகத்தில் இறங்கி, மற்றதன் வழியே ஏறிக் காயிலுக்குத் திரும்புகிறது. புகை தள்ளும் சிலிண்டரில் அழுத்தம் குறைவு. அங்கே பொறி தாண்டக் கொஞ்சம் வோல்ட் போதும். வோல்ட்டின் பெரும்பங்கு, கலவை காத்திருக்கும் சிலிண்டருக்கே போய்ச் சேரும்.

1948-இல் அறிமுகமான சிட்ரோயன் 2சிவி காரின் இரட்டைச் சிலிண்டர் எஞ்சினிலும் இதே உத்திதான், கம்ப்யூட்டர் எதுவும் இல்லாமல்.

காயிலுக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும்போது, ஒற்றைக் காயில் 5 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை பொறி தர வேண்டும். ஜோடிக் காயிலுக்கு 10 மில்லிசெகண்ட்.

ஜோடியில் ஒரு பிளக்கில் பொறி நடுமுனையிலிருந்து வெளியே பாயும், மற்றதில் தலைகீழாக. அதனால் இரண்டும் வேறு வேறு முனையில் தேயும். கழற்றிய பிளக்கையே மறுபடி போடுவதென்றால் எது எந்த சிலிண்டருடையது என்று குறித்துவையுங்கள். அப்புறம், 1, 4 இரண்டும் ஒரே நேரத்தில் மிஸ்ஸிங் ஆனால், பிளக்கோடு அந்த ஜோடியின் காயிலையும் வயரையும் சோதிக்கச் சொல்லுங்கள்.