காய்ச்சல் விட்ட பிறகும் கோல்கீப்பரின் கை ஏன் பிந்துகிறது?

டெங்குவில் படுத்து எழுந்த ஒருவர் மறுபடி கால்பந்து மைதானத்துக்கு வந்தால், சக ஆட்டக்காரர்கள் அவரிடம் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "நீ ஓடாதே, போய் கோலில் நில்லு." அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் உடலியல் கணக்கைப் போட்டுப் பார்த்தால், நோயிலிருந்து எழுந்தவரைக் கடைசியாக நிறுத்த வேண்டிய இடம் அது. நடுக்களத்தில் ஆடுகிறவர் களைத்துப்போனால் கொஞ்சம் நடக்கலாம், பந்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிட்டு மூச்சு வாங்கலாம். கோல்கீப்பருக்கு அந்த வசதி கிடையாது. பத்து நிமிடம் சும்மா நின்றுவிட்டு, அடுத்த அரை நொடியில் உடம்பில் இருக்கிற மொத்த விசையையும் அவர் கொட்டியாக வேண்டும்.

அந்த அரை நொடியைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். பெனால்டி புள்ளி கோல் கோட்டிலிருந்து 11 மீட்டர். வார இறுதியில் ஆடுகிறவர்களில் ஓரளவு பலமாக அடிக்கும் ஒருவரின் பந்து மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வையுங்கள். நொடிக்கு 22 மீட்டர். கோட்டைத் தொட அரை நொடி போதும். கண்ணில் பட்ட ஒன்றுக்கு உடம்பு அசையத் தொடங்கவே சுமார் 0.2 நொடி ஆகிவிடும். நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும் இளைஞருக்கே இதுதான் நிலை. மிச்சம் 0.3 நொடி. கோலின் அகலம் 7.32 மீட்டர். நடுவில் நிற்பவர் ஒரு மூலைக்குப் பாய்ந்து கையை நீட்டி முடிக்க 0.3 நொடி போதவே போதாது. அதனால் தேர்ந்த கீப்பர்கள் பந்து கிளம்பும்வரை காத்திருப்பதில்லை. அடிப்பவர் ஓடி வரும் கோணம், இடுப்பு திரும்பும் விதம், பந்துக்குப் பக்கத்தில் ஊன்றும் காலின் திசை, இவற்றை வைத்துப் பந்து எந்தப் பக்கம் வரும் என்று முன்கூட்டியே அனுமானிக்கிறார்கள்.

இந்தக் கணக்கில் நோய் வெறும் 0.03 நொடியைக் கூட்டிவிட்டால் என்ன ஆகும்? அந்த நேரத்தில் பந்து 66 சென்டிமீட்டர் கூடுதலாக நகர்ந்திருக்கும். மூன்று பந்துகளை வரிசையாக வைத்த நீளம் அது. விரல் நுனியில் பட்டு போஸ்டுக்கு வெளியே போக வேண்டிய பந்து வலைக்குள் போக அது தாராளம்.

சரி, அந்தத் தாமதம் எங்கிருந்து வருகிறது? பிரிட்டனில் சாலிஸ்பரி நகருக்கு அருகே 1946 முதல் 1990 வரை சளி நோய்க்கென்றே ஓர் ஆய்வு மையம் இயங்கியது. தன்னார்வலர்களைத் தங்க வைத்து, அவர்கள் சம்மதத்தோடு மூக்கில் வைரஸைச் செலுத்தி, என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். 1980களில் ஆண்ட்ரூ ஸ்மித் என்ற உளவியலாளர் அங்கே வந்தவர்களின் கவனத்தையும் கைவேகத்தையும் அளந்தார். சாதாரணச் சளி பிடித்தவர்களுக்குக் கண்ணும் கையும் ஒத்துப்போவதில் தடுமாற்றம் இருந்தது. இன்ஃப்ளூயன்சா வந்தவர்களுக்கு வேறு விதமான பாதிப்பு: எப்போது வரும் என்று தெரியாத ஒரு சமிக்ஞைக்காகக் காத்திருந்து, வந்ததும் பொத்தானை அழுத்துவதில் பிந்தினார்கள். கோல்கீப்பரின் வேலையைப் பரிசோதனைக் கூடத்துக்குள் கொண்டுவந்தால் கிட்டத்தட்ட இந்த இரண்டும்தான் வரும். அறிகுறிகள் போன பிறகும் சில பாதிப்புகள் தொடர்ந்ததையும் அவருடைய ஆய்வுகள் காட்டின. மூக்கு ஒழுகுவது நின்றுவிட்டது என்பதால் கவனமும் திரும்பிவிட்டது என்று அர்த்தமில்லை.

கிருமியோடு போராடும்போது நோய் எதிர்ப்பு அணுக்கள் சைட்டோகைன் எனப்படும் வேதிச் செய்திகளை ரத்தத்தில் விடுகின்றன. மூளை அவற்றைப் படித்துவிட்டு உடம்பைப் படுக்க வைக்கிறது. பசி குறைகிறது, தூக்கம் குலைகிறது, எதிலும் மனம் ஒட்டுவதில்லை. இது உடம்பின் திட்டமிட்ட சிக்கனம். உடல் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் ஏறினாலே உள்ளே எரியும் ஆற்றல் பத்து சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். அந்தச் செலவை எங்கிருந்தாவது ஈடுகட்ட வேண்டும். உடம்பு கை வைக்கும் சேமிப்புகளில் ஒன்று தசை.

இங்கேதான் கீப்பருக்கு அடி விழுகிறது. தசையில் மெதுவாக இயங்கி நீண்ட நேரம் தாங்கும் நார்களும் உண்டு, சட்டென்று சுருங்கிப் பெரிய விசை தரும் வேக நார்களும் உண்டு. அழற்சியும் கார்ட்டிசால் போன்ற அழுத்த ஹார்மோன்களும் அதிகமாக இருக்கும்போது வேக நார்கள்தான் அதிகம் கரைகின்றன. ஒரு டைவைக் கிட்டத்தில் பாருங்கள். பந்து வரும் பக்கத்துக் காலை முன்னோக்கிச் சாய்வாக ஒரு சிறு அடி எடுத்து வைத்து, முழங்கால் மடங்கி, அந்த ஒற்றைக் காலால் தரையைத் தள்ளி உடம்பு கிடைமட்டமாகப் பறக்கிறது. தொடையின் முன்தசை, பிட்டத் தசை, கெண்டைக்கால் தசை மூன்றும் மிகக் குறுகிய நேரத்தில் வேலையை முடிக்க வேண்டும். படுக்கையில் கிடந்தால் மிக வேகமாக மெலிவதும் கால்தான். நின்றபடி உடம்பைத் தாங்கும் வேலை அதற்கு இல்லாமல் போகிறதே. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: தசையின் பருமன் குறைவதைவிட வேகமாக வலு குறைகிறது. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையே மந்தமாகிவிடுவது அதற்கு ஒரு காரணம். அதனால் கண்ணாடியில் கால் பழையபடி தெரிந்தாலும் தள்ளும் விசை பழையபடி இருக்காது.

படுக்கை உடம்பை எவ்வளவு பாதிக்கும் என்பதற்கு 1966ல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் நடந்த ஆய்வை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். இருபது வயதுள்ள ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரம் முழுக்கப் படுக்கையில் வைத்தார்கள். உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் தேடிப் பிடித்து மறுபடி அளந்தபோது, முப்பது வருட முதுமை செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் பெரிதாக இருந்தது. அவர்களுக்கு நோய்கூட இல்லை, சும்மா படுத்திருந்தார்கள். நல்ல செய்தியும் அதே ஆய்வில் இருக்கிறது: படுக்கையை விட்டு எழுந்து சுமார் இரண்டு மாதம் பயிற்சி செய்ததும் இழந்தது திரும்ப வந்தது.

கோல்கீப்பருக்கு ஆக்சிஜன் திறன் எதற்கு, அவர் ஓடுவதே இல்லையே என்று கேட்பார்கள். ஒரு டைவுக்குத் தேவையான ஆற்றல் தசையில் தயாராக இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட்டிலிருந்து வருகிறது. அதற்கு ஆக்சிஜன் வேண்டாம். ஆனால் செலவானதை மறுபடி நிரப்ப ஆக்சிஜன் வேண்டும். நல்ல உடம்பில் அரை நிமிடத்தில் பாதி நிரம்பும், முழுதாக நிரம்பச் சில நிமிடங்கள் ஆகும். படுத்து எழுந்தவருக்கு ரத்தத்தின் பிளாஸ்மா அளவு குறைந்திருக்கும், இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தமும் குறைவு, எனவே இந்த நிரப்பல் இழுத்தடிக்கும். முதல் பந்தைப் பிரமாதமாகத் தட்டிவிட்டவர், தட்டிய பந்து திரும்பி வர, ரீபவுண்டில் அடிக்கப்படும் இரண்டாவது பந்துக்கு எழவே முடியாமல் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவும் தசை, ரத்தம் சம்பந்தப்பட்டவை. 'டச் விட்டுப்போச்சு' என்று நாம் சொல்வதன் மையம் வேறொரு இடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். நம் மூளை, குறிப்பாகச் சிறுமூளை, உடம்பைப் பற்றி ஒரு கணக்கு வைத்திருக்கிறது. இந்தக் கால் இவ்வளவு தள்ளும், இந்தக் கை இவ்வளவு நேரத்தில் அங்கே போய்ச் சேரும் என்ற கணக்கு. ஆயிரக்கணக்கான டைவ்களில் திருத்தித் திருத்தி அமைந்தது அது. நோய் உடம்பை மாற்றிவிடுகிறது, கணக்கு மட்டும் பழையதாகவே இருக்கிறது. வேறொருவர் பைக்கை வாங்கி ஓட்டும்போது முதல் சில பிரேக் எக்குத்தப்பாகப் பிடிப்பது போலத்தான் இதுவும். பந்தைச் சரியாகப் படித்து, சரியான நேரம் என்று மூளை நம்பிய நொடியில் கிளம்பியும் கை பந்துக்குக் கீழே வெறுங்காற்றைத் தட்டுகிறது. பார்ப்பவர்கள் "கீப்பர் தூங்கிட்டான்" என்கிறார்கள். அவர் தூங்கவில்லை. அவருடைய கணக்கு, காய்ச்சலுக்கு முந்தைய காலுக்குப் போட்டது.

இதை மூளை தானாகச் சரிசெய்துகொள்ளும், ஒவ்வொரு பிழையும் அதற்குத் திருத்தம். ஆபத்து நடுவில் வருகிறது. தான் பிந்துவதை உணர்ந்த கீப்பர், அடிப்பவரின் கால் பந்தில் படும் முன்பே குத்துமதிப்பாக ஒரு பக்கம் பாயத் தொடங்குகிறார். நல்ல உடம்பிலேயே இந்தச் சபலம் வலுவானது. 2007ல் வெளியான இஸ்ரேலிய ஆய்வு ஒன்று தொழில்முறை ஆட்டங்களின் 286 பெனால்டிகளை எடுத்துப் பார்த்தது. சுமார் 29 சதவீதப் பந்துகள் நடுவில் வந்தன. கீப்பர்கள் நடுவில் நின்றதோ 6 சதவீதம்தான். நோயிலிருந்து எழுந்தவரிடம் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால், உடம்பு தேறிய பிறகும் அது எளிதில் போகாது. அனுபவமுள்ள ஸ்ட்ரைக்கர் இரண்டு ஆட்டத்தில் அதைக் கண்டுபிடித்து, எதிர்ப்பக்கம் மெல்ல உருட்டிவிட்டுப் போவார்.

ஆகவே திரும்புவதை எங்கே தொடங்க வேண்டும்? கண்ணில்தான். நெதர்லாந்தின் ஜெர்ட் சாவல்ஸ்பர்க் குழு 2002ல் கீப்பர்களின் பார்வை எங்கே போகிறது என்று பதிவு செய்தது. புதியவர்கள் அடிப்பவரின் உடல், கை, இடுப்பு என்று அலைந்தார்கள். தேர்ந்தவர்கள் கடைசி நொடியில் உதைக்கும் கால், ஊன்றும் கால், பந்து ஆகியவற்றில் நிலைத்தார்கள். அடிப்பவரை இப்படிப் படிக்கும் திறமை நீண்ட காலப் பழக்கத்தில் ஊறியது, சில வாரப் படுக்கையில் அழிவதில்லை. 2018 உலகக் கோப்பையில் எகிப்தின் எஸ்ஸாம் எல் ஹதாரி 45 வயதில் சவூதி அரேபியாவுக்கு எதிராக ஒரு பெனால்டியைத் தடுத்தார். அந்த வயதில் கால்வேகம் இருபதில் இருந்தது போல இருக்காது. கண்ணும் காலும் ஒன்றையொன்று அறிந்திருந்தன, அவ்வளவே. அதனால் ஓடக்கூட அனுமதி கிடைக்காத நாட்களில் மைதானத்துக்குப் போய் வலைக்குப் பின்னால் உட்காருங்கள். அடிப்பவரின் ஊன்றும் காலைப் பார்த்து, பந்து கிளம்பும் முன்பே "இடது", "வலது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். உடம்புக்கு இதில் செலவே இல்லை.

பாய்வதற்கு மருத்துவரின் அனுமதி வேண்டும். இதை அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் தரையில் விழுவதே கீப்பரின் வேலை. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் சமயம்தான் ஆபத்தான கட்டம். ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கும்போது விழுந்தால் உள்ளே ரத்தம் கசியலாம். டைபாய்டு, மலேரியா, சுரப்பிக் காய்ச்சல் ஆகியவற்றில் மண்ணீரல் வீங்கியிருக்கலாம், விலாவில் படும் ஓர் இடியில் அது கிழியும் அபாயம் உண்டு. சிக்குன்குனியா வந்தவருக்கு மணிக்கட்டு, விரல், கணுக்கால் மூட்டுகளில் வலி மாதக்கணக்கில் நீடிக்கலாம். வேகமான பந்தைப் பிடிக்கும் கைக்கு அது பெரிய தடை. எந்த வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகும் நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம், காரணமில்லாத மூச்சுத்திணறல் இருந்தால் இதயத் தசை அழற்சி இல்லை என்று உறுதியாகும்வரை பயிற்சியே கூடாது. இசிஜி, எக்கோ, ரத்தத்தில் ட்ரோபோனின் (இதயத் தசை சேதமானால் கூடும் புரதம்) அளவு ஆகியவற்றை வைத்து மருத்துவர் முடிவு செய்வார். காலையில் எழுந்ததும் நாடியைப் பார்ப்பது நல்ல பழக்கம், வழக்கத்தைவிட எகிறியிருந்தால் அன்று ஓய்வு. ஆனால் டெங்குவிலிருந்து தேறும்போது நாடி வழக்கத்தைவிட மெதுவாக இருப்பதும் உண்டு. எனவே குறைந்த நாடியைப் பார்த்து உடம்பு தேறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அனுமதி கிடைத்த பிறகு முதலில் டென்னிஸ் பந்து. சுவரிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று, எறிந்து, இரு கையிலும் மாறி மாறிப் பிடிப்பது. அப்புறம் அந்தச் சின்னத் துள்ளல். அடிப்பவரின் கால் பந்தில் படும் கணத்துக்குச் சற்று முன் கீப்பர் தரையிலிருந்து ஓர் அங்குலம் எழும்பி, இரு காலிலும் ஒரே நேரத்தில் இறங்குவார். இறங்கும்போது கெண்டைத் தசையும் குதிநாணும் நீண்டு, மறுகணம் சுருங்கும்போது கூடுதல் விசை தரும். துள்ளல் பிந்தினால், பந்து கிளம்பும்போது கால் காற்றில் இருக்கும், தள்ளத் தரை இருக்காது. நோய்க்குப் பிறகு முதலில் குழம்புவது இந்த நேரம்தான் என்று நினைக்கிறேன். மெதுவான பந்துகளை வைத்து இதை மட்டும் தனியாகப் பழகலாம், பாயவே வேண்டாம்.

டைவுக்கு வரும்போது முதலில் உட்கார்ந்தபடி பக்கவாட்டில் சாய்ந்து விழுவது, பிறகு முட்டி போட்டு, பிறகு குந்தி, கடைசியில் நின்று. ஐந்தாறு பாய்ச்சல், நடுவில் தாராளமாக ஓய்வு. வேகம் குறைந்ததும் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும், ஏனென்றால் களைத்த உடம்பில் செய்யும் டைவ் மூளைக்குத் தவறான கணக்கைக் கற்றுக்கொடுக்கும். அடுத்த நாள் காலையில் உடம்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வழக்கமான தசைவலி பரவாயில்லை. எழவே முடியாத அசதி, தலைபாரம் என்றால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். முட்டை, மீன், சுண்டல், தயிர் எல்லாம் இந்த நாட்களில் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தட்டில் இருக்கட்டும், தசை மீண்டும் கட்டப்படுவது அவற்றிலிருந்துதான்.

கடும் நோயிலிருந்து கோலுக்குத் திரும்பியவர்களும் உண்டு. ஸ்பெயினின் டெப்போர்டிவோ லா கொருன்யா அணியின் கீப்பர் ஹொசே மொலினாவுக்கு 2002 அக்டோபரில் விரைப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. சிகிச்சை முடித்து அடுத்த ஆண்டு திரும்பினார். இத்தாலியின் ஏசி மிலனிடம் முதல் ஆட்டத்தில் 4-1 என்று தோற்றிருந்த அந்த அணி, 2004 ஏப்ரலில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் 4-0 என்று வென்று சாம்பியன்ஸ் லீக் அரையிறுதிக்குப் போனபோது கோலில் நின்றவர் அவர்தான். பின்னாளில் கொல்கத்தா அணியின் பயிற்சியாளராக வந்து 2016ல் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கோப்பையையும் வென்றார்.

முழு ஆட்டத்துக்குத் தயாரா என்பதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. இரண்டு பேரைப் பந்தோடு நிறுத்துங்கள். முதலாமவர் இடது மூலைக்கு அடிப்பார், நீங்கள் பாய்ந்து தட்டுவீர்கள். விழுந்தவர் எழுந்ததும் இரண்டாமவர் வலது பக்கம் அடிப்பார். ஒரு நண்பரைச் செல்போனில் படம் பிடிக்கச் சொல்லி, இரண்டு பாய்ச்சலையும் மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். இரண்டாவது டைவில் தள்ளும் கால் முதல் டைவைப் போலவே முழுதாக நீண்டு தரையை விடுகிறதா என்று பார்க்க வேண்டும். பாதி மடங்கிய முழங்காலோடு வெறுமனே சரிந்து விழுகிறீர்கள் என்றால், இந்த வாரமும் வேறொருவர் கிளவுஸ் போடட்டும்.