வெள்ளத் தடுப்பு அணை: 'இதுவரை ஒன்றும் ஆகவில்லை' என்பது சான்றாகுமா?

பாசனத்துக்கோ மின் உற்பத்திக்கோ கட்டப்பட்ட அணை ஆண்டின் பெரும்பகுதி நீரைத் தாங்கி நிற்கும். வெள்ளத்தைத் தடுப்பதற்கென்றே கட்டப்பட்ட அணை பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். காலியாகக் கிடந்தால்தான் திடீரென வரும் வெள்ளத்தை வாங்கிக்கொள்ள அதில் இடம் இருக்கும். இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காத பாதுகாப்பு அறிக்கைகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். 'நாற்பது ஆண்டுகளாக உறுதியாக நிற்கிறது, கசிவு ஏதும் இல்லை' என்ற வாக்கியம் அவற்றில் தவறாமல் இடம்பெறும். அந்த நாற்பது ஆண்டுகளில் நீர்மட்டம் அணையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியதே இல்லை என்ற தகவலும் இருக்கும், ஆனால் பின்னிணைப்பில். இரண்டையும் சேர்த்துப் படித்தால், அணையின் மேற்பகுதி இன்னும் சோதனைக்கே உள்ளாகவில்லை என்பது புரியும்.

உடைந்த மண் அணைகளின் வரலாற்றைத் தொகுத்து ஆராய்ந்தவர்கள், இரண்டு காரணங்களே பெரும்பாலான உடைப்புகளுக்குப் பொறுப்பு என்று காட்டியிருக்கிறார்கள். வெள்ளம் கரையின் உச்சிக்கு மேல் ஏறி வழிந்து, பின்சரிவை அரித்துக்கொண்டு போவது ஒன்று. கரைக்குள்ளோ அடித்தளத்திலோ ஊடுருவும் நீர் மண்துகள்களைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துச் சென்று, வெளியே தெரியாமல் உள்ளுக்குள் ஒரு குழாயைப் போலத் துளைத்துவிடுவது மற்றொன்று. இந்த உள்ளரிப்பால் நேர்ந்த உடைப்புகளில் பெரும்பான்மை, அணை முதன்முறையாக நிரம்பும்போதோ அதையடுத்த சில ஆண்டுகளிலோ நிகழ்ந்தவை. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஏறத்தாழ 93 மீட்டர் உயரத்தில் எழுப்பப்பட்ட டீட்டன் அணை, முதன்முறை நிரம்பிக்கொண்டிருந்தபோதே 1976 ஜூன் 5 அன்று உடைந்தது. காலையில் வலது கரையோரம் கலங்கிய கசிவு கண்ணில் பட்டது. நண்பகலுக்குச் சற்று முன்னதாகவே அணையின் உச்சி இடிந்து விழுந்துவிட்டது.

நீரைத் தேக்கி வைக்கும் அணைக்கு இந்த முதல் நிரப்பு கட்டி முடித்த சில ஆண்டுகளிலேயே, வடிவமைத்த பொறியாளர்களின் கண்காணிப்பில், மெதுவாக நடந்துவிடும். வெள்ளத் தடுப்பு அணைக்கு அது நாற்பது ஆண்டுகள் கழித்து, ஒரு புயல் இரவில், சில மணி நேரத்துக்குள் நடக்கலாம். அதற்கிடையில் அணையும் மாறியிருக்கும். தொடர்ந்து ஈரம் படாத மையக் களிமண் சுவர் உச்சிப் பகுதியில் காய்ந்து வெடித்திருக்கலாம்; எலி, முயல் போன்றவை வளை தோண்டியிருக்கலாம்; பின்சரிவில் வளரவிட்ட மரத்தின் வேர் செத்து, மண்ணுக்குள் வெற்றிடம் விட்டிருக்கலாம். கரைக்குள் நீரழுத்தத்தை அளக்கும் கருவிகளான பீசோமீட்டர்கள் ஆண்டுக்கணக்கில் 'உலர்ந்த நிலை' என்றே பதிவு செய்திருக்கும். அந்தப் பதிவு, நிறைமட்டத்தில் கரைக்குள் நீரழுத்தம் எவ்வளவு ஏறும் என்ற கேள்விக்கு எந்த விடையும் தராது.

ஆகவேதான் இடர் மதிப்பீடு, 'விதிமுறைகள் கூறும் பாதுகாப்புக் காரணி, அதாவது வரும் சுமையைப் போல எத்தனை மடங்கு வலிமை வேண்டும் என்ற அளவு, கிடைக்கிறதா' என்ற கேள்வியோடு நின்றுவிடுவதில்லை. இந்த அணை உடைவதானால் எந்த வழியில் உடையும் என்று கேட்கிறது. வடிவமைப்பாளர், நிலவியலாளர், நீரியலாளர், அணையை அன்றாடம் இயக்குபவர் எல்லோரும் ஒரே மேசையில் அமர்ந்து, பழைய வரைபடங்களையும் கட்டுமானக் காலப் புகைப்படங்களையும் பரப்பி வைத்துக்கொண்டு, உடைவதற்கான ஒவ்வொரு வழியையும் படிப்படியாக எழுதுகிறார்கள். உள்ளரிப்பை எடுத்துக்கொண்டால், நீர்மட்டம் விரிசல் இருக்கும் உயரத்தைத் தொட வேண்டும். அங்கே மண் அரிபடத் தொடங்க வேண்டும். வடிகட்டியாகப் போடப்பட்ட மணல் அடுக்கு அதைத் தடுக்கத் தவற வேண்டும். துளை மேற்கூரை இடியாமல் நிலைத்துப் பெரிதாக வேண்டும். யாரும் அதைப் பார்த்துத் தடுக்க முடியாமற்போக வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒரு நிகழ்தகவை ஒதுக்கி, எல்லாவற்றையும் பெருக்கினால் அந்த வழியில் உடையும் வாய்ப்பு கிடைக்கும். கிடைக்கும் எண்ணைவிட, அதை அடைவதற்காக நடக்கும் வாதமே மதிப்பு மிக்கது என்பது என் கருத்து. ஒரு கூட்டத்தில் மதகுகளை இயக்கும் ஊழியர் கடைசி வரிசையிலிருந்து, "அய்யா, பெரிய மழை பெய்தால் ஜெனரேட்டர் அறைக்குப் போகும் பாதையே மூழ்கிவிடும்" என்றார். அதுவரை மதகு திறக்காமற்போகும் வாய்ப்பு மிகக் குறைவு என்று எழுதியிருந்த பக்கத்தை நாங்கள் முழுதாக மாற்ற வேண்டியிருந்தது.

பயன்படாத உறுப்பைப் பற்றிய நம்பிக்கை எவ்வளவு ஆபத்தானது என்பதற்குக் கலிபோர்னியாவின் ஓரோவில் அணை சான்று. 1968இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் அவசரகால உபரிநீர் போக்கியில் 2017 பிப்ரவரி வரை ஒருமுறைகூட நீர் வழிந்ததில்லை. முதன்மைப் போக்கியின் கான்கிரீட் தளம் பெயர்ந்து, அவசரப் போக்கி பயன்பாட்டுக்கு வந்ததும், அதன் கீழிருந்த மலைச்சரிவு வெகு விரைவாக அரிபட்டு, அரிப்பு போக்கியின் சுவரை நோக்கிப் பின்னேறியது. 1,80,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். அணை உடையவில்லை. பின்னர் விசாரித்த சுயேச்சை வல்லுநர் குழு, முந்தைய ஆய்வுகள் இந்த ஆபத்தை உணரத் தவறியதைச் சுட்டிக்காட்டியது.

அடுத்தது வெள்ளத்தின் அளவு. 'நூறாண்டு வெள்ளம்' என்றால் நூறாண்டுக்கு ஒருமுறை முறைவைத்து வரும் வெள்ளம் என்று பலரும் எண்ணுகிறார்கள். எந்த ஓர் ஆண்டிலும் அதற்கு நூறில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். அப்படிப் பார்த்தால் 50 ஆண்டுகளில் ஒருமுறையாவது வந்துவிடும் வாய்ப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு. மக்கள் வாழும் ஊர்களுக்கு மேலே உள்ள பெரிய அணைகளுக்கு அதனால்தான் பத்தாயிரம் ஆண்டு வெள்ளத்தையோ, அந்தப் பகுதியில் நேரக்கூடிய உச்சபட்ச வெள்ளத்தையோ கணக்கிடுகிறார்கள். குஜராத்தின் மச்சு-2 அணை 1979 ஆகஸ்ட் 11 அன்று உடைந்தபோது வந்த வெள்ளம், அதன் போக்கி வெளியேற்றவல்ல அளவைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. கீழே இருந்த மோர்பி நகரம் நீரில் மூழ்கியது.

விளைவைக் கணிக்கும்போது எவ்வளவு நீர் வரும் என்பதைவிட, எச்சரிக்கைக்கும் வெள்ளத்துக்கும் இடையே எத்தனை நிமிடம் கிடைக்கும் என்பதே உயிரிழப்பைப் பெரிதும் தீர்மானிக்கிறது. பகலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அவகாசம் கிடைத்தால் பெரும்பாலோர் தப்பிவிடலாம்; நள்ளிரவில் எச்சரிக்கையே இல்லையெனில் அதே வெள்ளம் பல மடங்கு உயிர்களைக் குடிக்கும். லிபியாவின் தெர்னா நகரைக் காக்க 1970களில் கட்டப்பட்ட இரண்டு வெள்ளத் தடுப்பு அணைகள் 2023 செப்டம்பர் 10-11 இரவில் உடைந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். மேலணையின் கொள்ளளவு சுமார் 2.25 கோடி கன மீட்டர்; நகரை ஒட்டிய கீழணையின் கொள்ளளவு சுமார் 15 லட்சம். மேலே உடைந்ததைக் கீழே தாங்கியிருக்க வழியே இல்லை. ஓர் ஆற்றில் அடுத்தடுத்து நிற்கும் அணைகளைத் தனித்தனிக் கோப்புகளாக மதிப்பிடுவது ஏன் போதாது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ஆபத்தைச் சுட்டிக்காட்டிய ஆய்வுக் கட்டுரை ஒன்று அதற்கு முந்தைய ஆண்டே வெளியாகியிருந்தது.

அணை உடையாமலே சேதம் நேர்வதும் உண்டு. 2017இல் ஹார்வி புயலின்போது ஹூஸ்டன் நகரின் அடிக்ஸ், பார்க்கர் வெள்ளத் தடுப்பு அணைகள் உறுதியாகவே நின்றன. ஆனால் அணைக்குப் பின்னால் நீர் தேங்கும் பரப்புக்குள் கட்டப்பட்டிருந்த வீடுகள் மேற்புறத்திலும், திறந்துவிடப்பட்ட நீரால் வேறு வீடுகள் கீழ்ப்புறத்திலும் மூழ்கின.

வாய்ப்பையும் விளைவையும் சேர்த்துப் பார்த்தபின் எவ்வளவு இடரை ஏற்கலாம் என்ற கேள்வி எழுகிறது. அமெரிக்க, ஆஸ்திரேலிய நடைமுறைகளில், அணை உடைவதால் ஒரு தனிமனிதருக்கு நேரும் இடர் ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கு மேல் இருக்கலாகாது என்பது பொது அளவுகோல். சாகக்கூடியவர்களின் எண்ணிக்கை கூடக்கூட வரம்பும் இறுகும். வரம்புக்குள் வந்துவிட்டது என்று கோப்பை மூடிவிடவும் முடியாது. நியாயமான செலவில் இன்னும் குறைக்க வழி இருந்தால் குறைத்தாக வேண்டும்.

அணைக்குக் கீழே குடியிருப்பவர்கள் அதிகாரிகளிடம் கேட்கத்தக்கவை உண்டு. உடைந்தால் நீர் எங்கே, எத்தனை நிமிடத்தில் வரும் என்று காட்டும் வரைபடம் இருக்கிறதா, அவசரகாலத் திட்டத்தின்படி கடைசி ஒத்திகை எப்போது நடந்தது, வரலாற்றிலேயே மிக உயர்ந்த நீர்மட்டம் எது என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கான விடை நிறைமட்டத்துக்கு வெகு கீழே இருந்தால், அந்த மட்டத்தைத் தாண்டி நீர் ஏறும் ஒவ்வொரு மணி நேரமும் கரையடியில் ஆள் நிற்க வேண்டும் என்பது திட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அவர் கையில் டார்ச் விளக்கும் கண்ணாடிப் பாட்டிலும் இருந்தால்கூடப் போதும். கசிவைப் பிடித்துச் சிறிது நேரம் அசையாமல் வைத்தால், தெளிந்த நீர் தெளிந்தபடியே இருக்கும். அடியில் மெல்லிய வண்டல் படிந்தால் கரை உள்ளுக்குள் அரிபடத் தொடங்கியிருக்கலாம். அப்போது துளையை அடைத்து நீரை நிறுத்த முயலக் கூடாது. மணலையும் அதன் மேல் சரளையையும் கொட்டி, நீர் வெளியேற வழிவிட்டு மண்ணை மட்டும் தடுக்க வேண்டும். அதே வேளையில் கீழேயுள்ள ஊர்களுக்குத் தகவல் போயிருக்க வேண்டும்.