‘தடை செய்யப்பட்ட யூத ஓவியர்’ என்று எழுதும் முன்

கண்காட்சிக் குறிப்பு, மாணவர் ஆய்வேடு, இணையக் கட்டுரை என எதை எடுத்தாலும் ஆஸ்கர் ராபினைப் பற்றி ஒரே வரிதான் வருகிறது: ‘சோவியத் ஆட்சியில் தடை செய்யப்பட்ட யூத ஓவியர்.’ இதில் ‘தடை’, ‘யூத’, ‘ஓவியர்’ ஆகிய மூன்று சொற்களுமே திருத்தம் கேட்பவை. (பெயரிலும் கவனம் தேவை. ராபினை ரெப்பின் ஆக்கிவிடாதீர்கள். இலியா ரெப்பின் 1930லேயே இறந்துவிட்ட வேறொருவர்.)

‘ஓவியர்’ என்பதிலிருந்து தொடங்கலாம். 1932 ஏப்ரல் 23இல் வந்த கம்யூனிஸ்ட் கட்சித் தீர்மானம் தனித்தனிக் கலைக் குழுக்களைக் கலைத்தது. அதன்பின் ஓவியர் என்றால் கலைஞர் சங்கத்தின் உறுப்பினர் என்றாகிவிட்டது. ஓவியக்கூடம், நல்ல வண்ணம், கித்தான், கண்காட்சியில் இடம், அரசு ஒப்பந்த வேலை எல்லாம் அந்த உறுப்பினர் அட்டை வழியாகத்தான் வரும். அட்டை இல்லையென்றால் உங்கள் தொழில் என்ன என்பதைப் பணிப் பதிவேடு சொல்லும். 1928இல் மாஸ்கோவில் பிறந்த ராபின், ரீகாவில் படித்துவிட்டு மாஸ்கோவின் சுரிக்கோவ் கலை நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கிருந்து சீக்கிரமே விலக்கப்பட்டார். பிறகு ரயில் பாதையில் சரக்கு இறக்கும் வேலையைக் கண்காணித்தார், 1950களின் இறுதியிலிருந்து அலங்கார வேலை செய்யும் அரசுப் பணிமனையில் இருந்தார். சங்கத்தின் கணக்கில் அவர் ஓவியரே இல்லை. வாழ்க்கைக் குறிப்பில் இந்த வேலைகளை விட்டுவிட்டால், எப்படிப் பிழைத்தார் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது.

அடுத்தது ‘தடை’. வீட்டில் உட்கார்ந்து படம் வரையக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மாஸ்கோவின் விளிம்பிலிருந்த லியானொஸவாவில், ராபின் குடியிருந்த பலகை வீட்டு அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் போய்ப் படம் பார்க்கலாம். பழுப்பும் சாம்பலும் கறுப்புமாகத் தடித்த வண்ணப் பூச்சு. செய்தித்தாள்மேல் கிடக்கும் ஹெர்ரிங் மீன், வோட்கா பாட்டில், சாய்ந்த குடியிருப்புகள். தூதரகக்காரர்களும் வெளிநாட்டு நிருபர்களும் வாங்கிப் போனார்கள். 1965இல் லண்டன் குரோவ்னர் காட்சிக்கூடத்தில் தனிக் கண்காட்சியே நடந்தது. உண்மையில் கடித்த சட்டம் வேறு. 1961 மே 4இல் ருஷ்யக் குடியரசு கொண்டுவந்த ‘ஒட்டுண்ணி’ ஆணைப்படி, சமூகத்துக்குப் பயனுள்ள வேலை செய்யாதவரை 2 முதல் 5 ஆண்டுகள் வரை தொலைதூரத்துக்கு அனுப்பலாம். சங்க அட்டை இல்லாமல் படம் விற்றுப் பிழைப்பவர் இந்த வலையில் எளிதாகச் சிக்குவார். ஆகவே ‘தடை செய்யப்பட்ட’ என்பதற்குப் பதில் ‘அதிகாரபூர்வக் கண்காட்சிகளுக்கு வெளியே வைக்கப்பட்ட’ என்று எழுதுங்கள். நீளம்தான், ஆனால் சரி.

திறந்த வெளியில் ஓவியர்கள் நடத்தி, புல்டோசரால் கலைக்கப்பட்ட ‘புல்டோசர் கண்காட்சி’யிலும் இதே கதைதான். ஓவியர்கள் முன்கூட்டியே மாஸ்கோ நகர நிர்வாகத்துக்கு எழுதித் தெரிவித்தார்கள். எழுத்தில் மறுப்பு வரவில்லை. 1974 செப்டம்பர் 15, ஞாயிறு. மாஸ்கோவின் பெல்யாயவா பகுதிக் காலி மனையில் படங்களைக் கையில் பிடித்து நின்றபோது, பூங்கா அமைக்க வந்த தொண்டர்கள் என்ற பெயரில் ஆட்களும், புல்டோசர்களும், தண்ணீர் பீய்ச்சும் லாரிகளும் வந்தன. ராபின் புல்டோசரின் தகட்டைப் பற்றிக்கொண்டு தொங்கினார். கைது செய்யப்பட்டவர்களில் அவரும் மகனும் உண்டு. நிருபர்களும் அடி வாங்கியதால் செய்தி உலகெங்கும் போயிற்று. இரண்டே வாரத்தில், செப்டம்பர் 29 அன்று, இஸ்மாய்லவா பூங்காவில் நான்கு மணி நேரக் கண்காட்சிக்கு அனுமதி வந்தது. இந்த இரண்டாவது தேதியை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் எழுதுவது பாதிக் கதை.

‘யூத’ என்ற சொல்தான் மிகவும் சிக்கல். நாட்டுக்குள் அடையாள ஆவணமாக இருந்த சோவியத் உள்நாட்டுப் பாஸ்போர்ட்டில் ‘தேசிய இனம்’ என்று ஒரு வரி இருந்தது. பெற்றோர் இருவேறு இனமென்றால், 16 வயதில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. ராபினின் தந்தை யூதர், தாய் லாட்வியர். தன் பாஸ்போர்ட்டையே பெரிதாக வரைந்த ஓவியத்தில் அந்த வரியில் ‘லாட்வியர்’ என்றும், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘யூதர்’ என்றும் எழுதினார். பாஸ்போர்ட்டில் இல்லாத ‘இறந்த இடம்’ என்ற வரியையும் சேர்த்து, வேலி ஓரத்திலா, இஸ்ரேலிலா என்று கேள்விக்குறி போட்டார். அடையாளத்தை அவரே இப்படிக் கிண்டல் செய்திருக்க, நாம் ஒற்றைச் சொல்லில் முடித்துவிடக் கூடாது.

யூதர் என்பதால் மட்டுமே ஒதுக்கப்பட்டார் என்ற விளக்கமும் நிற்காது. ‘ஸ்மோல்னியில் லெனின்’ (1930) வரைந்த இசாக் பிராட்ஸ்கியும் யூதர்தான். லெனின்கிராடில் கலை அகாதமியின் இயக்குநராகவே இருந்தார். எதிர்ப்பக்கம், யூதக் குடும்பத்தில் பிறந்த ஓவியர் ராபர்ட் ஃபால்க். ஒரு காலத்தில் வ்ஹுதெமாஸ் என்ற மாஸ்கோ கலைப் பள்ளியில் ஆசிரியர், பாரிஸிலிருந்து 1937இல் திரும்பியவர், பின்னர் ஒதுக்கப்பட்ட நிலையில் 1958இல் இறந்தார். நான்காண்டு கழித்து மாஸ்கோவின் மானேஜ் கண்காட்சி அரங்கில் சோவியத் தலைவர் குருஷ்சேவ் திட்டித் தீர்த்த படங்களில் ஃபால்க் வரைந்ததும் ஒன்று. பாணி, காலம், இனம் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

ராபின் படம் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1978இல் பாரிஸில் இருந்தபோது அவருடைய குடியுரிமை பறிக்கப்பட்டது. அதன்பின் அங்கேயே வாழ்ந்தவர் பழைய மாஸ்கோக் காட்சிகளைத் தொடர்ந்து வரைந்தார். ஆகவே ஹெர்ரிங்கும் செய்தித்தாளும் இருந்தால் அது 1960களின் படம் என்று அர்த்தமில்லை. படத்தைத் திருப்பி, பின்புறத்தில் உள்ள தலைப்பையும் ஆண்டையும் பாருங்கள். சோவியத் ஏற்றுமதி முத்திரை இல்லை என்பதால் மட்டும் போலி என்று ஒதுக்காதீர்கள். தூதரகக்காரர்கள் கொண்டுபோன படங்கள் சுங்கத்தைப் பார்க்காமலே வெளியேறியிருக்கலாம். முத்திரை இருப்பதும் தனியாக ஒன்றையும் நிரூபிக்காது, ரப்பர் ஸ்டாம்ப் செய்வது கடினமா என்ன? யார் கையிலிருந்து யாருக்கு வந்தது என்ற தொடர் ரசீதுகளோடு இருக்க வேண்டும். நடுவில் இருபது ஆண்டு இடைவெளி இருந்தால் விலை பேசாதீர்கள்.

குறிப்பின் கடைசி வரியிலும் தவறு நேர்கிறது. பாரிஸில் வாழ்ந்தவர் என்பதால் இறந்த இடத்தையும் பாரிஸ் என்று போட்டுவிடுகிறார்கள். அவர் 2018 நவம்பர் 7 அன்று இறந்தது இத்தாலியின் ஃப்ளோரன்ஸில். வேலி ஓரமும் இல்லை, இஸ்ரேலும் இல்லை.