அலெகரி: பிறிதுமொழிதலா, ஞானார்த்தமா?

அலெகரி கிரேக்கத்திலிருந்து வந்த சொல். 'அல்லோஸ்' என்றால் பிறிது, வேறு. மறுபாதி 'சபையில் பேசுதல்'. அகராதிகள் 'உருவகக் கதை' என்கின்றன. எனக்கு அதில் திருப்தியில்லை. 'முகத்தாமரை' என்னும் உருவகத்தில் முகம், தாமரை இரண்டுமே வெளியே தெரிகின்றன. அலெகரியில் ஒன்று ஒளிந்திருக்க வேண்டும். அதற்கு நம் அணியிலக்கணத்தில் பெயரே உண்டு: பிறிதுமொழிதல். 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' என்ற குறளில் வண்டியும் மயிலிறகும் அச்சும்தான் வருகின்றன. எளியவராயினும் பலர் சேர்ந்தால் வலியவனை வீழ்த்தும் பகைவரைப் பற்றித்தான் பேச்சு, ஆனால் அவர்களைப் பற்றி ஒரு சொல் கிடையாது. கிரேக்கச் சொல்லைப் பிரித்துப் போட்டாலும் இதேதான் கிடைக்கும்.

சரி, எழுதியவர் ஒளித்து வைக்காததை வாசிப்பவர் கண்டெடுத்தால்? ஆபிரகாமின் மனைவி சாராள், அவளுடைய அடிமைப்பெண் ஆகார் இருவரின் கதை பைபிளின் ஆதியாகமத்தில் ஒரு குடும்பக் கதை. அப்போஸ்தலர் பவுல் அதில் கடவுளின் இரண்டு உடன்படிக்கைகளைக் காண்கிறார். கலாத்தியர் 4:24-இல் அவர் ஆளும் வினை அலெகரியின் வேரிலிருந்து வந்ததே. தமிழ் வேதாகமம் அங்கே 'ஞானார்த்தம்' என்கிறது. அழகான சொல். ஆழ்வார் பாடல்களில் தலைவி தூதுவிடும் பறவைகளை ஆசாரியர்களாகக் கொண்ட வைணவ உரைகாரர்கள் இதை 'ஸ்வாபதேசம்' என்பார்கள்.

இரண்டையும் ஒரே நூலில் பார்க்க வேண்டுமானால் ஆங்கில எழுத்தாளர் லூயிஸ் கரோலின் 'ஸ்நார்க் வேட்டை'யை (1876) எடுக்கலாம். ஸ்நார்க் என்பது அவர் கற்பனை செய்த ஒரு பிராணி. அர்த்தமில்லாத வேடிக்கைப் பாட்டு என்று பெயர் வாங்கிய நெடும்பாடல். படங்கள் ஹென்றி ஹாலிடே வரைந்தவை. அதில் வரும் ரொட்டிக்காரர் தன் பெயர் எழுதிய 42 பெட்டிகளைக் கரையிலேயே விட்டுவிட்டுக் கப்பலேறுகிறார், பெயரும் மறந்துபோகிறது. நண்பர்கள் அவரை 'மெழுகுவர்த்தித் துண்டு' என்பார்கள், எதிரிகள் 'வாட்டிய சீஸ்' என்பார்கள். இங்கேதான் சிலர் பேராயர் தாமஸ் கிரான்மரைப் பிடிக்கிறார்கள். ஆங்கிலத் திருச்சபைக்கு அவர் எழுதிய விசுவாசக் கட்டுரைகள் 42 (1553). 1556-இல் அவரை எரித்தது ஆக்ஸ்ஃபோர்டில், கரோல் வாழ்ந்த அதே ஊரில். போதாததற்குக் கரோல் அதே திருச்சபையில் டீக்கன் (குருவுக்குக் கீழ்நிலைத் திருப்பணியாளர்) வேறு! கேட்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் 42 கரோலின் செல்ல எண். அவருடைய ஆலிஸ் கதையிலும் 42-ஆம் விதி வருகிறது. ஆகவே இதை நான் ஞானார்த்தத்தில்தான் சேர்ப்பேன்.

படத்தில் அப்படியில்லை. ஸ்நார்க்கை 'முள்கரண்டியோடும் நம்பிக்கையோடும்' துரத்தினார்கள் என்பது பாட்டு. ஹாலிடே அந்த நம்பிக்கையை ஒரு பெண்ணாக்கி, கையில் நங்கூரம் கொடுத்து, வேட்டைக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார். எபிரெயர் 6:19 சொல்லும் 'ஆத்தும நங்கூரம்'. கிறிஸ்தவ ஓவிய மரபு தெரிந்தவருக்கு நங்கூரத்தைப் பார்த்தவுடனே ஆள் யாரென்று விளங்கும். தெரிந்தே வைத்த பிறிதுமொழிதல் இதுதான், அதுவும் கவிஞர் வைத்ததல்ல, ஓவியர் வைத்தது.

கரோல் இதற்கு மறுப்புச் சொன்னார். கருவி ஒன்று, மனநிலை ஒன்று, இரண்டையும் 'with' என்ற ஒரே ஆங்கிலச் சொல்லால் கோத்ததுதான் அவர் செய்த வேடிக்கை. 'உடன் வருவது' என்ற மூன்றாவது பொருளையும் சேர்க்கத்தான் அப்படி வரைந்தேன் என்றார் ஹாலிடே. நம் மூன்றாம் வேற்றுமையின் 'ஓடு' உருபைத் தெரிந்தவர்களுக்கு இந்தச் சண்டை உடனே புரியும்.