கார்பேஜ் டைம்: சொல் விளக்கம்

கூடைப்பந்தில் வெற்றி யாருக்கு என்பது தெரிந்துபோன பிறகும், கடிகாரத்தில் நேரம் மிச்சம் இருக்கிறதே என்பதற்காக ஆடப்படும் நிமிடங்களுக்குக் கார்பேஜ் டைம் என்று பெயர். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏ ஆட்டங்களைப் பார்ப்பவர்கள் காதில் அடிக்கடி விழும் சொல். இதோடு ஒட்டிக்கொண்டே வரும் இன்னொரு சொல் ப்ளோஅவுட். ஒரு அணி மற்றதை எட்டவே முடியாத புள்ளி வித்தியாசத்தில் அடித்துப்போட்ட ஆட்டம் அது. ப்ளோஅவுட் முழு ஆட்டத்துக்கும் பெயர். கார்பேஜ் டைம் அதன் வால் பகுதிக்கு மட்டும். இரண்டையும் மாற்றி மாற்றிப் புழங்குவது பிழை.

ப்ளோஅவுட் ஆங்கிலத்தில் கூடைப்பந்துக்காகப் பிறந்த சொல் அல்ல. வயிறுமுட்டத் தின்னும் பெருவிருந்துக்குக் கொச்சையாக இந்தப் பெயர் இருந்தது. டயர் வெடிப்பதற்கும் இதுவே பெயர். விளையாட்டுப் பொருள் அமெரிக்கப் பேச்சில் வந்து சேர்ந்தது. கார்பேஜ் டைமுக்கு மட்டும் ஒரு குரல் உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியின் வர்ணனையாளர் சிக் ஹேர்ன்தான் இதைப் பரப்பினார் என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. 1965 முதல் 2001 வரை தொடர்ந்து 3,338 ஆட்டங்களை ஒன்றுகூட விடாமல் வர்ணித்தவர். ஸ்லாம் டங்க், ஏர் பால் போன்ற சொற்களும் அவர் கணக்கில்தான் எழுதப்படுகின்றன. லேக்கர்ஸ் வெற்றி உறுதியாகிவிட்டது என்று தோன்றினால், ஆட்டத்தைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தாகிவிட்டது, கதவைச் சாத்தியாயிற்று, விளக்கு அணைந்தது, முட்டை குளிர்கிறது, வெண்ணெய் இறுகுகிறது என்று ஒரு பாட்டே படிப்பார். பாஸ்டன் செல்டிக்ஸ் பயிற்சியாளர் ரெட் ஆவர்பாக் இதையே வாய் திறக்காமல் செய்தார்: ஜெயித்தாயிற்று என்று அவர் முடிவு செய்த நொடியில், பெஞ்சில் உட்கார்ந்தபடியே சுருட்டைப் பற்றவைப்பார். எதிரணி ரசிகர்களுக்கு அந்தப் புகையைவிட எரிச்சலூட்டியது வேறில்லை. அதிலிருந்து கிளைத்ததுதான் ‘மனித வெற்றிச் சுருட்டு’ என்ற கேலிப்பெயர். ஆட்டம் கையில் வந்த பிறகு மட்டும் களமிறக்கப்படும் வீரருக்கு அது. புது வீரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் 2003 தேர்வில் இரண்டாவது ஆளாக டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் எடுத்த டார்கோ மிலிசிச்சுக்கு அந்தப் பெயர் ஒட்டியது, உரிக்க முடியவில்லை.

சரி, கார்பேஜ் டைம் எப்போது தொடங்குகிறது? ரசிகரைக் கேட்டால் ‘நான் டிவியை அணைச்சப்போ’ என்பார். புள்ளிவிவரக்காரர்களுக்கு அது போதாது. யாரும் உயிரைக் கொடுத்து ஆடாத நிமிடங்களில் விழும் புள்ளிகளைக் கணக்கிலிருந்து கழித்தால்தான் அணியின் உண்மையான பலம் தெரியும். ‘க்ளீனிங் த கிளாஸ்’ என்ற தளம் வைத்திருக்கும் வரையறை பரவலாக ஏற்கப்பட்டது. ஆட்டம் நான்காவது கால்பகுதியில் இருக்க வேண்டும். 12 முதல் 9 நிமிடம் மிச்சம் இருக்கையில் வித்தியாசம் 25, 9 முதல் 6 நிமிடம் என்றால் 20, அதற்குப் பிறகு 10 புள்ளியாவது இருக்க வேண்டும். கூடவே, களத்தில் நிற்கும் பத்துப் பேரில் இரு அணிகளின் தொடக்க வீரர்களும் சேர்த்து இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனைதான் சாமர்த்தியமானது. வித்தியாசம் 30 ஆனாலும் பயிற்சியாளர் தன் முக்கிய ஆட்களை வெளியே எடுக்காதவரை, அவர் இன்னும் பயப்படுகிறார் என்றே பொருள்.

ரசிகருக்குப் பயன்படும் கணக்கு இன்னொன்று உண்டு. பேஸ்பால் புள்ளியியலால் பெயர்பெற்ற பில் ஜேம்ஸ் கல்லூரிக் கூடைப்பந்துக்காகப் போட்டது. முன்னிலைப் புள்ளியிலிருந்து 3 கழியுங்கள். முன்னிலை அணியிடம் பந்து இருந்தால் அரை கூட்டுங்கள், இல்லாவிட்டால் அரை கழியுங்கள். வந்ததை வர்க்கம் செய்யுங்கள். அது மிச்சமிருக்கும் விநாடிகளைவிடப் பெரிதாக இருந்தால் ஆட்டம் முடிந்தது. 20 புள்ளி முன்னிலை, பந்தும் அவர்கள் கையில் என்றால் 17.5இன் வர்க்கம் 306. அதாவது ஐந்து நிமிடத்துக்குச் சற்றே மேல். அதற்குக் குறைவாக நேரம் இருந்தால் எழுந்துபோய்ப் பல் துலக்கலாம். (என்பிஏ ஆட்டங்கள் பெரும்பாலும் நம் ஊரில் விடிகாலையில்தான் வருகின்றன. அமெரிக்கக் கிழக்குக் கரையின் மாலை 7.30 என்பது குளிர்காலத்தில் இந்திய நேரம் காலை 6.)

இந்தக் கணக்கு கடுமையானது, ரசிகரின் பொறுமையைவிட மிகக் கடுமையானது. 1996 நவம்பர் 27இல் டென்வர் நக்கெட்ஸிடம் யூட்டா ஜாஸ் இடைவேளையில் 36-70 என்று 34 புள்ளி பின்தங்கி நின்றது. 34இலிருந்து 3 போனால் 31, வர்க்கம் 961. மிச்சமோ 1,440 விநாடி. ஆட்டம் இன்னும் முடியவில்லை என்கிறது சூத்திரம். யூட்டா 107-103 என்று ஜெயித்தது. 2019 ஏப்ரல் 15இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் மூன்றாவது கால்பகுதியில் 31 புள்ளி முன்னால் இருந்தும், பிளேஆஃப் (பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்று) ஆட்டத்தை லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸிடம் 131-135 என்று பறிகொடுத்தது. எனவே இடைவேளையில் 30 புள்ளி வித்தியாசத்தைப் பார்த்துக் கார்பேஜ் டைம் என்று எழுதுவது அவசரம். ப்ளோஅவுட் ஆகிக்கொண்டிருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

15 புள்ளிப் பின்னடைவு 40 ஆவது எப்படி? பின்தங்கிய அணி ஒரே மூச்சில் பிடித்துவிடலாம் என்று மூன்று புள்ளி எறிதல்களை அவசரமாக எடுக்கிறது. தூரத்திலிருந்து எறிந்த பந்து வளையத்தில் பட்டால் நெடுந்தூரம் தெறிக்கும். அதை எதிரணி பிடிக்கும்போது எறிந்தவர்கள் இன்னும் முன்களத்திலேயே நிற்பார்கள், பின்னால் காப்பவர் இல்லை, மறு முனையில் எளிதாக இரண்டு புள்ளி. இப்படி நான்கைந்து முறை போனால் டைம் அவுட் எடுத்தும் ஓட்டம் நிற்காது. பந்து கிடைத்த 24 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற 24 விநாடிக் கடிகாரமும் சேர்ந்துகொள்கிறது. 1954இல் அது வருவதற்கு முன் முன்னிலை அணி பந்தைக் கையிலேயே வைத்துக் காலம் தள்ளலாம். 1950 நவம்பர் 22இல் ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் மினியாப்பொலிஸ் லேக்கர்ஸை 19-18 என்று ஜெயித்த ஆட்டம் அந்தக் காலத்தின் எல்லை. இன்று ஜெயிப்பவரும் எறிந்துகொண்டே இருக்க வேண்டும். 1991 டிசம்பர் 17இல் மயாமி ஹீட் இடைவேளையில் கிளீவ்லாண்ட் கவலியர்ஸுக்கு 20 புள்ளிதான் பின்னால் இருந்தது. இரண்டாம் பாதியில் 27-75. முடிவு 80-148. முப்பது ஆண்டு அசையாமல் இருந்த அந்த 68 புள்ளிச் சாதனையை 2021 டிசம்பர் 2இல் மெம்ஃபிஸ் கிரிஸ்லீஸ் உடைத்தது: ஓக்லஹோமா சிட்டி தண்டருக்கு எதிராக 152-79, வித்தியாசம் 73. தண்டரின் முன்னணி வீரர் ஷே கில்ஜஸ் அலெக்சாண்டர் ஆடவில்லை. மெம்ஃபிஸின் முன்னணி வீரர் ஜா மொராண்டும் ஆடவில்லை. ஒரு கட்டத்தில் வித்தியாசம் 78 வரை போய், கடைசியில் ஐந்து குறைந்தது. அந்த ஐந்தைத்தான் கார்பேஜ் டைம் புள்ளி என்பார்கள்.

இந்த நிமிடங்களுக்கு எழுதப்படாத மரியாதைகள் உண்டு. ஜெயிக்கும் அணி முழுக்கள நெருக்கடி (எதிரணியைக் களம் முழுக்கத் துரத்தித் தடுப்பது) கொடுக்காது. 24 விநாடிக்கும் குறைவாக மிச்சம் இருந்தால் பந்தைத் தட்டிக்கொண்டே நின்றுவிடும். 2017 ஏப்ரலில் இந்தியானாவின் லான்ஸ் ஸ்டீவன்சன், 108-90 என முடிந்த ஆட்டத்தின் கடைசி விநாடிகளில் டொராண்டோவுக்கு எதிராக ஓடிப்போய் ஒரு கூடை போட்டார். கைகலப்பு வரை போனது. விதிவிலக்கு 2023இல் தொடங்கிய பருவநடுக் கோப்பை. அதன் குழுச்சுற்றில் புள்ளி வித்தியாசமும் கணக்கு என்பதால், சிகாகோ புல்ஸை 124-97 என்று வென்ற ஆட்டத்தில் பாஸ்டன், பெரிய முன்னிலை இருந்தும், ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்கு ஈடாகக் கிடைக்கும் தடையற்ற எறிதல்) சரியாகப் போடாத ஆண்ட்ரே டிரம்மண்டை வேண்டுமென்றே ஃபவுல் செய்தது. அங்கே கார்பேஜ் டைம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று.

இனி ரசிகர். அரங்கில் இருப்பவர் முதலில் கூச்சலிடுவார், பிறகு எழுந்து போவார். 2022 மே 15, பீனிக்ஸ் நகரம், பிளேஆஃப் தொடர் ஒன்றின் முடிவைச் சொல்லும் ஏழாவது ஆட்டம். அந்தப் பருவத்தில் 64 ஆட்டங்களை வென்ற சன்ஸ் இடைவேளையில் டாலஸ் மேவரிக்ஸிடம் 27-57. எதிரணியின் லூக்கா டான்சிச் ஒருவரே அதற்குள் 27 புள்ளி. சொந்த ஊர்க் கூட்டம் சொந்த அணியைப் பார்த்தே ஊளையிட்டது. முடிவு 90-123. வீட்டில் பார்ப்பவருக்கு வேறு வழிகள்: ஒலியைக் குறைப்பது, நடுவரைத் திட்டுவது (40 புள்ளியை எந்த நடுவரும் தூக்கிக் கொடுக்க முடியாது), அடுத்த பருவத்துத் தேர்வைப் பற்றிப் பேசத் தொடங்குவது.

பேச்சில்தான் இது நன்றாகத் தெரியும். ராபர்ட் சியால்டினியும் உடன் ஆய்வாளர்களும் 1976இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்கக் கால்பந்து ரசிகர்களைப் பற்றியது. தம் பல்கலைக்கழகம் ஜெயித்த வாரத்தில் மாணவர்கள் அதன் பெயர் பொறித்த உடைகளை அதிகம் அணிந்தார்கள். ‘நாம்’ என்ற சொல்லும் வெற்றியைச் சொல்லும்போதே அதிகம் வந்தது. தமிழில் இதைக் கண்டுபிடிக்க ஆய்வுகூட வேண்டாம், வினைமுற்றைக் கவனித்தால் போதும். ‘நம்ம பசங்க ஜெயிச்சுட்டாங்க’ என்பவர்தான் மறுநாள் ‘இவனுங்க தோத்துட்டானுங்க’ என்பார். ‘நம்ம’ போய்விடும், மரியாதையும் சேர்ந்து போய்விடும்.

தமிழில் என்ன சொல்வது? ப்ளோஅவுட்டுக்குச் செய்திகளில் ‘ஒருதலைப்பட்சமான ஆட்டம்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு இது உவப்பில்லை. ஒருதலைப்பட்சம் என்றால் ஓரவஞ்சனை. நடுவர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார் என்றுதான் முதலில் தோன்றும். ‘ஒருபக்க ஆட்டம்’ என்றால் அந்தக் குழப்பம் இல்லை. தோற்றவர் பக்கமிருந்து சொல்ல ‘படுதோல்வி’ இருக்கும்போது வேறெதுவும் தேடத் தேவையில்லை. படு என்ற அடை மிகுதியைச் சொல்வது: படுமோசம், படுபாவி. படு என்ற வினைக்கோ வீழ்தல், சாதல் என்ற பொருளும் உண்டு. வீரர்கள் விழுந்த போர்க்களத்துக்குப் படுகளம் என்று பெயர். ஜெயித்தவர் பக்கமிருந்து அமோக வெற்றி, இமாலய வெற்றி. பேச்சில் இன்னும் வளம்: வெளுத்து வாங்கிட்டாங்க, பொளந்து கட்டிட்டாங்க, வச்சு செஞ்சுட்டாங்க. ‘பந்தாடிவிட்டார்கள்’ என்பதைக் கூடைப்பந்துக்குப் போடும்போது மட்டும் கவனம் வேண்டும். பந்தாடுவதுதானே அவர்கள் வேலை.

கார்பேஜ் டைமைக் ‘குப்பை நேரம்’ என்று பெயர்த்தால் மாநகராட்சி வண்டி வரும் நேரம் போல ஒலிக்கிறது. சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல் பொருளைப் பார்த்தால், பேருக்கு, கடமைக்கு, ஒப்புக்கு ஆடுவது. மூன்றிலும் ‘ஒப்புக்கு’ என்பதே சரியான இடத்தில் உட்காருகிறது. தெருவில் ஆடும் பிள்ளைகள், கணக்கில் சேராத ஆளை ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். சப்பாணி என்ற பகுதியை இன்று விட்டுவிடலாம், கால் முடியாதவரைக் குறித்த சொல் அது. ஒப்பு மட்டும் போதும்: ஒப்பு ஆட்டம். ‘எப்படியோ ஒப்பேத்திட்டாங்க’ என்ற வழக்கும் பக்கத்திலேயே இருப்பதால் கேட்பவருக்கு விளக்கம் தேவைப்படாது. அந்த நேரத்தில் விழும் புள்ளிகள் ஒப்புப் புள்ளிகள்.

வாக்கியத்தில் வைத்துப் பார்க்கலாம். தண்டர் அதே மெம்ஃபிஸை 2025 ஏப்ரல் 20இல் பிளேஆஃப் முதல் ஆட்டத்தில் 131-80 என்று வென்றது. அந்த ஜூனில் கோப்பையும் வாங்கியது. இதை ‘ஒருபக்க ஆட்டத்தில் மெம்ஃபிஸ் படுதோல்வி, கடைசிக் கால்பகுதி ஒப்பு ஆட்டம்’ என்று எழுதலாம். ஒரு வீரர் 14 புள்ளி எடுத்தார் என்று எழுதும்போது, அதில் எத்தனை ஒப்புப் புள்ளி என்பதையும் சேர்த்து எழுதுவது நல்லது. பெஞ்சிலிருந்து வந்து கடைசி ஆறு நிமிடத்தில் மட்டும் எடுத்த 14ஐ நம்பி அடுத்த ஆட்டத்துக்குக் கணிப்பு போட்டவர்கள் கையைச் சுட்டுக்கொண்டதே வழக்கம். பயிற்சியாளர்களின் பார்வை மட்டும் வேறு. புள்ளியை அவர்கள் பார்ப்பதில்லை, பந்து கைமாறிய பிறகு அந்த வீரர் காப்புக்குத் திரும்பி ஓடினாரா என்பதைப் பார்ப்பார்கள்.