ஏரி வந்தால் பாதி வழிதான் வந்திருக்கிறது

"மேலே போகும்போது நல்லாத்தான் இருந்தேன் டாக்டர்." மலையடிவார மருத்துவமனையில், அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த வாக்கியம் மனப்பாடம். கணுக்கால் பிசகி வருகிறவர், போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு வருகிறவர், ராத்திரி முழுக்க வாந்தி எடுத்துவிட்டு வருகிறவர் எல்லோரும் இதையேதான் சொல்வார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். ஏறும்போது பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏரிக்கரையில்தான் ஆகிறது, வியூ பாயிண்டில் ஆகிறது, எல்லாவற்றையும் விட இறங்கும் வழியில் ஆகிறது.

இதற்குக் காரணம் போட்டுக்கொண்டு வந்த கணக்கு. மலை ஏரிக்கு நடக்கிறவர்கள் நேரம், தண்ணீர், சாப்பாடு, காலில் உள்ள பலம் எல்லாவற்றையும் ஏரி வரைக்கும்தான் கணக்குப் போட்டிருப்பார்கள். திருப்பத்தில் நீலமாக ஏரி தெரிந்ததும் மனசு பயணத்தை முடித்துவிடுகிறது. உடம்பு இன்னும் அவ்வளவு தூரமும் திரும்ப நடக்க வேண்டும்.

நேரத்தை எடுத்துக்கொள்வோம். 1892இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மலையேற்ற வீரர் வில்லியம் நெய்ஸ்மித் ஒரு கணக்குச் சொன்னார். 5 கிலோமீட்டர் நடக்க 1 மணி நேரம். அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இன்றைக்கும் மலைக்காரர்கள் இதைத்தான் அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள். ஏரி 8 கிலோமீட்டர் தள்ளி, கிளம்பிய இடத்தைவிட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றால் 3 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். ஆனால் இது நல்ல உடல் தகுதியோடு, எங்கும் நிற்காமல் நடக்கிறவருக்கான கணக்கு. போட்டோ எடுத்து, மூச்சு வாங்கி, ஷூ கயிறு கட்டி நடக்கிற ஒரு குழுவுக்கு இதன் மேல் பாதியையாவது கூட்டிக்கொள்ள வேண்டும். ஏறக்குறைய நாலரை மணி நேரம். காலை 9 மணிக்குக் கிளம்பினால் ஏரியைப் பார்ப்பதே மதியம் ஒன்றரைக்கு. அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, இறங்க மூன்று மணி நேரம் என்றால் மாலை ஐந்தரை ஆகிவிடும். எதிர் மலை மறைக்கும் பள்ளத்தாக்கில் அதற்கு வெகு முன்பே வெயில் போயிருக்கும். இதில் யாராவது ஒருவருக்கு முட்டி வலித்தால் மீதி வழி இருட்டில்தான்.

அதனால் கிளம்பும்போதே திரும்பும் நேரத்தை முடிவு செய்து, எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். 12 மணி என்றால் 12 மணி. ஏரி கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி, தெரியாவிட்டாலும் சரி, அந்த நேரத்துக்குத் திரும்பிவிட வேண்டும். "அதோ தெரியுதே, இன்னும் பத்து நிமிஷம்தான்" என்று குழுவில் ஒருவர் கட்டாயம் சொல்வார். மலையில் காற்று தெளிவாக இருப்பதால் தூரத்தில் உள்ளது கிட்டத்தில் இருப்பதுபோலத் தோன்றும். அவருடைய பத்து நிமிஷம் நாற்பது நிமிஷமாகிவிடுவது அப்படித்தான்.

சரி, ஏரிக்கு வந்தாயிற்று. வியர்வையில் நனைந்த சட்டையோடு கரையில் உட்காருகிறீர்கள். நடந்தவரை உடம்பு சூட்டை உற்பத்தி செய்துகொண்டே இருந்தது. உட்கார்ந்ததும் அது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும். திறந்த நீர்ப்பரப்பின் மேல் காற்றைத் தடுக்க ஒன்றுமில்லை. ஈரத்துணியும் காற்றும் சேர்ந்தால் உடம்பு சில்லிட்டுப்போவதற்குப் பனி விழ வேண்டிய அவசியமே இல்லை. 10 டிகிரியில், மழைத் தூறலில், காற்றில் நின்று ஹைப்போதெர்மியா வருவது சாதாரணமாக நடக்கிறது. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அதுதான் ஹைப்போதெர்மியா.

ஆகவே ஏரிக்குப் போனதும் முதல் வேலை போட்டோ கிடையாது, சட்டை மாற்றுவது. பையில் ஒரு உலர்ந்த மேல்சட்டையை பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்திருங்கள். பருத்திச் சட்டை ஈரத்தை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பளியோ சிந்தெடிக் துணியோ நல்லது. கூட வந்தவர்களின் கைகளைக் கவனியுங்கள். ஜிப் போடத் தடுமாறுகிறாரா, பேச்சு குழறுகிறதா, சமதரையில் கால் இடறுகிறதா, சம்பந்தமில்லாமல் எரிந்து விழுகிறாரா? உளறுகிறவர் "எனக்கு ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்வார், அதை நம்பாதீர்கள். நடுங்கிக்கொண்டிருந்தவரின் நடுக்கம், உடம்பு சூடேறாமலேயே நின்றுபோனால் நிலைமை மோசமாகிவிட்டது என்று பொருள். ஈரத்துணியைக் கழற்றி, உலர்ந்த துணி போர்த்தி, தரையின் குளிர் ஏறாமல் அடியில் எதையாவது விரித்துப் படுக்க வையுங்கள். முழு நினைவு இருந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம் கொடுக்கலாம். கை கால்களைத் தேய்க்காதீர்கள். மது வேண்டவே வேண்டாம். அது தோலுக்கு அருகிலுள்ள ரத்தக்குழாய்களை விரித்து, இருக்கிற சூட்டையும் வெளியே விட்டுவிடும்.

அடுத்தது குளியல். நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். வெயிலில் நடந்து வந்தவருக்கு அந்தத் தண்ணீரைப் பார்த்தால் குதிக்கத் தோன்றுவது இயல்பு. கரையோரத்தில் கையை வைத்துப் பார்த்தால் பரவாயில்லாமல்கூட இருக்கும். ஆனால் வெயில் சூடாக்குவது மேலடுக்கை மட்டும்தான். 4 டிகிரியில்தான் தண்ணீரின் அடர்த்தி மிக அதிகம் என்பதால், ஆழமான மலை ஏரிகளில் அடித்தண்ணீர் கோடையிலும் அந்த அளவிலேயே கிடக்கும். பனி உருகி நேராக வந்து சேரும் ஏரிகளில் மேல்தண்ணீரும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

15 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீரில் திடீரென்று விழுந்தால் உடம்பு நம் பேச்சைக் கேட்காது. ஒரு பெரிய மூச்சைத் தானாகவே இழுக்கும், அதன் பின் மூச்சு இரைக்கும். அந்த முதல் மூச்சு இழுக்கும்போது தலை தண்ணீருக்குள் இருந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும். ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் எகிறும். இதயக் கோளாறு உள்ளவருக்கு இதயத்துடிப்பே தாறுமாறாகலாம். கனடாவில் குளிர்நீர் பற்றி நீண்டகாலம் ஆராய்ந்த உடலியலாளர் கார்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று சுருக்கிச் சொல்வார். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம். கை கால்கள் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடம். குளிரால் நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம். இது பனிக்கட்டி போன்ற தண்ணீருக்கான கணக்கு. குளிர்ந்த நீரில் இறப்பவர்களில் பலர் அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தை எட்டுவதே இல்லை. முதல் சில நிமிடங்களிலேயே மூழ்கிவிடுகிறார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும் இதுதான்.

தவறி விழுந்துவிட்டால் நீந்த முயலாதீர்கள். மல்லாந்து மிதந்து, மூச்சு சீராகும்வரை காத்திருந்து, அப்புறம் கரைக்கு வாருங்கள். கரையில் நிற்கிறவர் உடனே பின்னாலேயே குதிப்பதுதான் ஒரு சாவை இரண்டாக்குகிறது. கயிறு, ஊன்றுகோல், காற்று அடைத்து மூடிய பாட்டில்கள் நிறைந்த பை என்று மிதப்பதையோ நீள்வதையோ வீசுங்கள். வெகுநேரம் தண்ணீரில் கிடந்தவரை வெளியே எடுத்தால் படுத்த நிலையிலேயே வைத்திருக்க வேண்டும். எழுப்பி நடக்கவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கலாம், இதயமே நிற்கலாம்.

செல்ஃபி பற்றி நான் தனியாகப் பிரசங்கம் செய்யப் போவதில்லை. ஒரு தகவல் மட்டும். 2011 அக்டோபரிலிருந்து 2017 நவம்பர் வரை உலகெங்கும் ஊடகங்களில் வந்த செல்ஃபி மரணச் செய்திகளைத் தொகுத்த ஓர் இந்திய ஆய்வு 259 மரணங்களைக் கண்டது. அவற்றில் முதல் காரணம் நீரில் மூழ்கியது. உயரத்திலிருந்து விழுந்ததும் முன்வரிசைக் காரணங்களில் ஒன்று. ஏரியும் வியூ பாயிண்டும் இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கின்றன. பள்ளத்துக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள், முதுகில் பை இருக்கும்போது பின்னால் அடி வைக்காதீர்கள். பனி மூடிய முகட்டில் விளிம்பு என்று நாம் நினைப்பது வெறும் பனித் திண்ணையாக அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கலாம். கீழே பாறையே இருக்காது.

மின்னலும் இந்த இரண்டு இடங்களையும்தான் தேடி வரும். மலைகளில் கோடைகால இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் கூடும். மின்னலுக்கும் இடிச்சத்தத்துக்கும் இடையே 30 விநாடி என்றால் அது 10 கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. அடுத்தது உங்கள் மேலேயே விழலாம். முகட்டையும் கரையையும் தனி மரத்தையும் விட்டு இறங்கிவிட வேண்டும். கூட்டமாக நிற்காமல் ஆளுக்கு ஆள் இடைவெளி விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை திரும்ப ஏற வேண்டாம். மின்னல் தாக்கியவரின் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது. பயப்படாமல் தொடலாம், மூச்சில்லை என்றால் உடனே சி.பி.ஆர். (மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவி) தொடங்கலாம், பலர் பிழைப்பதே அதனால்தான்.

ஏரிக்கரையில் கூடாரம் போட்டு இரவு தங்குகிறவர்களுக்கு உயரம் தனிப் பிரச்சினை. 2,500 மீட்டருக்கு மேலே போனால் யாருக்கும் மலைநோய் வரலாம். இளைஞர், விளையாட்டு வீரர் என்று அது பார்ப்பதில்லை. சொல்லப்போனால் வேகமாக ஏறிவிட்டால் அவர்களுக்கும் சீக்கிரம் வரலாம். மேலே போய்ச் சேர்ந்து 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் பொதுவாகத் தலைவலி தொடங்கும். குமட்டல், அசதி, தலைசுற்றல் கூடவே வரும். அதாவது பகலில் ஏரி, நடுராத்திரியில் தலைவலி. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது; மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும். தலைவலி இருக்கும்போது மேலே போகக் கூடாது. இரண்டு அறிகுறிகளுக்கு விடியும்வரை காத்திருக்கவே கூடாது. ஒன்று, நேர்கோட்டில் குதிகாலும் நுனிவிரலும் ஒட்ட நடக்கச் சொன்னால் தள்ளாடுவது: மூளையில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம். மற்றது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இருமல்: நுரையீரலில் நீர். இரண்டுக்கும் முதல் மருந்து கீழே இறங்குவதுதான், இருட்டாக இருந்தாலும். அவரைத் தனியாக அனுப்பாதீர்கள், கூடாரத்தில் தனியாக விடவும் செய்யாதீர்கள். மாத்திரைகள் இருக்கின்றன, ஆனால் அவற்றைக் கிளம்பும் முன்பே உங்கள் மருத்துவரிடம் பேசி முடிவு செய்ய வேண்டும். பக்கத்துக் கூடாரத்தில் கடன் வாங்கிப் போடுகிற சமாச்சாரம் இல்லை.

ஏறும்போது ஒன்றும் ஆவதில்லை என்றேனே, அதற்கு விதிவிலக்கு இதயம். ஆல்ப்ஸ் மலையில் நடந்த ஆய்வுகள், நடுவயது ஆண்களில் திடீர் இதய மரணம் பயணத்தின் முதல் நாளில் அதிகம் என்று காட்டியிருக்கின்றன. வருடம் முழுக்க நாற்காலியில் இருந்துவிட்டு முதல் நாளே முழு வேகத்தில் ஏறுகிற பழக்கம்தான் இதில் கவனிக்க வேண்டியது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. மற்றவர்கள் முதல் நாள், பேச்சு தடைபடாத வேகத்தில் நடந்தால் போதும்.

இறக்கத்துக்கு வருவோம். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்கி, பிரேக் போடுகிறது. தசைநார்கள் அதிகம் சேதப்படுவது இப்படிப்பட்ட வேலையில்தான். களைத்த தொடை ஒரு கட்டத்தில் முட்டியைத் தாங்காது, கால் தடுக்கும். மலைப்பாதையில் விழுகிறவர்களில் பெரும்பகுதி இறங்கும்போதே விழுகிறார்கள். இரண்டு ஊன்றுகோல்கள் முட்டியின் பாரத்தைக் குறைக்கும். சின்னச் சின்ன அடியாக வையுங்கள். கிளம்பும் முன் ஏதாவது சாப்பிடுங்கள். காலையில் பாறைக்குப் பாறை தாவிக் கடந்த ஓடை, மேலே பனி உருகுவதால் மாலையில் இரு மடங்காகப் பொங்கியிருக்கலாம். வேகமான ஓட்டம் முழங்கால் அளவு இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும். முடிந்தால் மேலே போய் அகலமான, ஆழம் குறைந்த இடத்தில் கடக்கலாம். முடியாவிட்டால் விடியற்காலையில் தண்ணீர் இறங்கும்வரை இந்தக் கரையிலேயே இருப்பது மேல்.

ஏரித் தண்ணீர் கண்ணாடிபோல இருந்தாலும் அப்படியே குடிக்க வேண்டாம். ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி வயிற்றைக் கெடுக்க ஒன்றிரண்டு வாரமாகும் என்பதால் பலர் அதை மலையோடு சேர்த்துப் பார்ப்பதேயில்லை. நன்றாகத் தளதளவென்று 1 நிமிடம் கொதிக்க வையுங்கள், 2,000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம். மலம் கழிக்கத் தண்ணீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப் போய், 15 முதல் 20 சென்டிமீட்டர் குழி தோண்டி மூடுங்கள். சோப்பை ஏரியில் கரைக்காதீர்கள், "இயற்கை சோப்பு" என்று எழுதியிருந்தாலும்.

கடைசியாக, தகவல். போனிலுள்ள ஜி.பி.எஸ்., மொபைல் சிக்னல் இல்லாமலும் வேலை செய்யும். வரைபடத்தை முன்பே தரவிறக்கி, போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். ஹெட்லைட்டும் விசிலும் பகல் பயணத்துக்கும் வேண்டும். ஆபத்தில் உதவி கேட்க, ஆல்ப்ஸ் முறைப்படி விசிலை நிமிடத்துக்கு 6 முறை ஊதி, 1 நிமிடம் நிறுத்தி, திரும்ப ஊத வேண்டும். பதிலுக்கு நிமிடத்துக்கு 3 முறை கேட்டால் யாரோ வருகிறார்கள். வட அமெரிக்காவில் மூன்று ஊதலே ஆபத்து அறிவிப்பு. கீழே இருக்கும் ஒருவரிடம் எந்தப் பாதை, எத்தனை பேர், எங்கே வண்டி நிற்கிறது, எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் மீட்புக் குழுவைக் கூப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். இறங்கியதும் மறக்காமல் அவருக்குப் போன் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது மீட்புக் குழு உங்களைத் தேடி மலையேறிக்கொண்டிருக்கும்.